நன்றி சொன்னார்கள், சரி

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். படிப்பை விட்டுவிடும் நிலையில் உள்ள பையன்களுக்கு மாலை வகுப்பு, கவுன்சலிங். முப்பது இடம்தான், கேட்டு வருபவர்கள் அதிகம். நிதி தருபவர்கள் ஆய்வு ஆதாரம் கேட்கிறார்கள். வருடக் கடைசியில் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், இதைவிட என்ன ஆதாரம்? அன்பை அளக்க முடியுமா?
– ச.

அன்புள்ள ச.,

பையன்கள் அழுதது பொய்யில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சம்பளத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு வேறென்ன கிடைக்கிறது. ஆனால் அதையே ஆதாரம் என்கிறீர்களே, படித்ததும் கோபம் வந்தது. நிதிக்காரர்களின் எக்செல் கட்டங்களை விடுங்கள், எனக்கும் அவற்றின்மேல் மரியாதை இல்லை.

கொஞ்ச நாளாகவே, சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க நடத்திய ஒரு பழைய திட்டம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஊர்களில் 1939 முதல் 1945 வரை நடந்தது, தொடங்கியவர் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர். 506 சிறுவர்களை ஒத்த வயது, ஒத்த குடும்பம் பார்த்து ஜோடி சேர்த்து, காசைச் சுண்டி ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை அப்படியே விட்டார்கள். சேர்ந்தவனுக்கு மாதம் இரண்டு முறை வீட்டுக்கு ஆள், பாடம், வைத்தியம், கோடை முகாம், எல்லாம் உங்களைப் போலவே ஆசையாகச் செய்தார்கள். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் நன்மை கிடைத்தது என்றார்கள், அது இல்லாவிட்டால் கெட்டுப்போயிருப்பேன் என்றவர்களும் உண்டு. ஆனால் 1978இல் அவர் வெளியிட்ட கணக்கில், மறுபடி மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள், குடிநோயாளிகள், கடுமையான மனநோய் வந்தவர்கள் உதவி பெற்ற பக்கம்தான் அதிகம். அவர்களில் இறந்தவர்களும் மற்ற பக்கத்தைவிட இளவயதில் இறந்திருந்தார்கள். ஜோடியில் அந்த மற்றவன் மட்டும் இல்லாவிட்டால் இது யாருக்குமே தெரிந்திருக்காது, நன்றிக் கடிதங்களை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்!

ஒரு குடிநோய் முகாமில் கருத்துப் படிவம் நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு பரிமாறிய தம்பியே அட்டையும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றான், எழுதத் தெரியாதவர்களுக்கு ‘மிக நன்று’ கட்டத்தில் அவனே டிக் போட்டான். பாதியில் எழுந்துபோன நாலைந்து பேரை யார் கேட்டார்கள்?

அன்பை அளக்கச் சொல்லவில்லை. முப்பது இடத்துக்கு அறுபது பேர் வந்தால் சீட்டுக் குலுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், இடம் கிடைக்காதவர்கள் பட்டியலைத் தொலைக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டு பட்டியலில் இருப்பவர்களையும் பள்ளி வருகைப் பதிவேட்டில் தேடுங்கள். அப்புறம், உங்கள் வகுப்பிலிருந்தே நின்றுபோன பையன் வீட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அவன் உங்களைத் திட்டலாம், திட்டினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.