கிட்டாரை நேரே லேப்டாப்பில் செருகினால் ஏன் சரியாகப் பதிவாவதில்லை?

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டார் கேபிளில் சின்ன பின் அடாப்டர் போட்டு லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கில் செருகினேன், எதுவும் பதிவாகவில்லை. மலிவான யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டின் மைக் ஜாக்கில் பதிவாகிறது, ஆனால் மழுங்கலாக, இரைச்சலோடு. கிட்டாரில் கோளாறா? கீபோர்டையும் பதிவு செய்ய வேண்டும்.

பதில்: கிட்டாரில் கோளாறு இல்லை. இன்னொரு அடாப்டர் வாங்கியும் பயனில்லை.

உங்கள் ஹெட்செட் பின்னைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். பெரும்பாலான லேப்டாப்களில் முனை இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்டு, அடிப்பகுதி மைக். கிட்டார் பின்னில் வளையம் ஒன்றுதான். அதன் நீண்ட உடல் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. கிட்டாரின் சிக்னலோ இடது காதுக்கான வெளியீட்டில் போய் முட்டி நிற்கிறது. அதனால்தான் எதுவுமே பதிவாகவில்லை.

மைக் ஜாக்கில் மழுங்குவதற்குக் காரணம் இம்பீடன்ஸ், அதாவது ஒலி சிக்னலுக்கு மின்சுற்று காட்டும் எதிர்ப்பு. கிட்டார் கம்பிகளின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் என்பது மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய காயில். மீட்டரில் 6 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். ஆனால் சுருதி ஏற ஏற அதன் இம்பீடன்ஸ் பல மடங்காகிவிடும். மைக் ஜாக்கின் உள்ளீடு சில கிலோ ஓம்தான். அந்தச் சுமையில் கிட்டாரின் கணீரென்ற மேல்பகுதி முதலில் செத்துவிடும். மென்பொருளில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் கூடவே ஏறும். கிட்டாருக்குத் தேவை சுமார் 1 மெகா ஓம் உள்ளீடு.

அது ஆடியோ இன்டர்ஃபேஸில் (இசைக்கருவியை லேப்டாப்போடு இணைக்கும் சிறு பெட்டி) 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறித்த உள்ளீட்டில் கிடைக்கும். ஒரு உள்ளீடு உள்ள சிறிய மாடலே கிட்டாருக்குப் போதும். கீபோர்டை ஸ்டீரியோவில் எடுக்க இரண்டு வேண்டும். சாதாரண 6.35 மி.மீ. மோனோ கேபிள், முடிந்தால் 3 மீட்டருக்குள். செருகியதும் இன்ஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கீபோர்டு போன்றவற்றின் வலுவான சிக்னலுக்கான 'லைன்' நிலையில் விட்டால் பழையபடி மழுங்கும். பலர் இந்த ஒரு பட்டனைக் கவனிக்காமல் இன்டர்ஃபேஸைக் குறை சொல்கிறார்கள்.

கிட்டார் வால்யூமை முழுக்க வைத்து, பாட்டில் அடிக்கப்போகும் அளவுக்கு ஓங்கி அடித்துப் பாருங்கள். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் கொஞ்சம் குறைந்தாலும் நஷ்டமில்லை. அளவு மீறி கிளிப் ஆனதை, அதாவது உச்சம் வெட்டுப்பட்டதைத்தான் மீட்க முடியாது.

அடித்த பிறகு சத்தம் தாமதமாக வந்தால், லேப்டாப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்துக் கையாளுகிறது என்ற பஃபர் அளவைப் பாருங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்டு, 512 என்றால் 10.7. 128-இல் தொடங்கி, கரகரத்தால் 256 ஆக்குங்கள். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவரை இன்டர்ஃபேஸ் நிறுவனத்திடமிருந்து எடுத்து நிறுவி, ரெக்கார்டிங் மென்பொருளில் அதையே தேர்ந்தெடுங்கள். சத்தம் இரட்டையாகக் கேட்டால் டைரக்ட் மானிட்டரும் (இன்டர்ஃபேஸிலிருந்து நேரே கேட்பது) மென்பொருள் மானிட்டரும் (லேப்டாப் வழியே கேட்பது) சேர்ந்து ஓடுகின்றன, ஒன்றை அணையுங்கள்.

'உம்ம்' என்ற இரைச்சலுக்கு முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் காரணம் மின் இணைப்பு: பதிவின்போது பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். நிற்காவிட்டால் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, கிட்டாரை மெல்லத் திருப்புங்கள். சிங்கிள் காயில், அதாவது ஒரே காயில் கொண்ட பிக்கப்பில் இரைச்சல் அடங்கும் கோணம் ஒன்று கிடைக்கும்.

கீபோர்டுக்கு இன்ஸ்ட் வேண்டாம், லைன் போதும். அதன் ஹெட்போன் அவுட்டிலிருந்து ஸ்டீரியோ கேபிளை ஒரே உள்ளீட்டில் செருகாதீர்கள். பேலன்ஸ்டு உள்ளீடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழித்துவிடும். நடுவில் ஒலிக்க வேண்டியதெல்லாம் காணாமல் போகும். ஒரு ஸ்டீரியோ பின் இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் 'ஒய்' கேபிள் போட்டு இரண்டு உள்ளீடுகளில் செருகுங்கள்.

ஆம்ப் வழியாக எடுப்பதானால் லைன் அவுட், ஹெட்போன் அவுட் இரண்டில் ஒன்றுதான். ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகினால் இன்டர்ஃபேஸ் எரியலாம். வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் சுமை இல்லாமல் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடலாம்.