கடவுள் பேசினாரா, நானே பேசிக்கொண்டேனா? – டீச்சரிடம் கேள்வி பதில்

கடலூரில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சேசு சபைச் சாமியார் ஒருவரிடம் தியானம் பழகினேன். இப்போது நானும் சிலரோடு உட்கார்ந்து நடத்துகிறேன். அன்றாட வாழ்க்கையில் கடவுளின் குரலைக் கேட்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டேன், குவிந்துவிட்டது. தெரிந்ததற்கு நீளமாக, தெரியாததற்கு ஒரு வரி.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை: டீச்சர், செபம் செய்யும்போது மனசுக்குள் ஒரு எண்ணம் எழுகிறது. அது ஆண்டவரா, என் மனசா? எப்படிப் பிரிப்பது?

உடனே பிரிக்க முடியாதும்மா. அது போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்.

1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, பின்னாளில் சேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் கால் நொறுங்கியது. அப்போது அவர் புனிதர் இல்லை, மிடுக்கான போர்வீரர். படுத்த படுக்கையில் பொழுது போகப் படிக்க வீரக்கதை கேட்டார். வீட்டில் கிடைத்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். ஒரு நேரம் சீமாட்டி ஒருத்திக்காகச் சாகசம் செய்வதாகப் பகற்கனவு காண்பார். இன்னொரு நேரம் புனிதர்களைப்போல வெறுங்காலோடு எருசலேம் போவதாக நினைப்பார். நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. முதல் கனவு கலைந்ததும் மனசு காய்ந்துபோனது, இரண்டாவது கலைந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. அந்த வித்தியாசம் உறைத்த நாளில்தான் அவர் கேட்கவே ஆரம்பித்தார்.

முதுநெல்லிக்காயைப் பற்றி நம் ஊரில் சொல்வதுதான் இது. கடித்தவுடன் தீர்ப்புச் சொல்லாதே, தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்.

என் கதையும் உண்டு. வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியையோடு மனக்கசப்பு. 'இந்த வேலை வேண்டாம், வெளியே வா' என்று ஒரு குரல் உள்ளே துல்லியமாகக் கேட்டது. ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன். என் சாமியார் படித்துப் பார்த்து, "நல்ல தமிழ். ஈஸ்டர் வரைக்கும் அரிசி டின்னில் போட்டு வை" என்றார். தினமும் அரிசி எடுக்கும்போது கடிதம் கையில் தட்டுப்படும். மூன்றாவது வாரம் எடுத்துப் படித்தால் வரிக்கு வரி என் ரோஷம்தான். ஆண்டவர் அதில் ஒரு காற்புள்ளி கூடப் போடவில்லை.

மனம் வறண்டிருக்கும்போது பழைய முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. இதை இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பு: நேரமே இல்லை அக்கா. வேலை, வீடு, குழந்தைகள். எப்போது உட்கார்ந்து கேட்பது?

ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு பத்து நிமிஷம். எங்கள் பெரியவர்கள் ஆன்ம சோதனை என்பார்கள். பாவக் கணக்கு எழுதுவது என்று நினைத்துப் பயப்படாதே. முதலில் நன்றி சொல். பார்க்க வெளிச்சம் கேள். பிறகு காலையிலிருந்து நாளை மெதுவாக ஓட்டிப் பார். எங்கே மனசு மலர்ந்தது, எங்கே சுருங்கியது, எங்கே குத்துகிறது? குத்தும் இடத்தில் மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு காரியம் வைத்துக்கொண்டு தூங்கப் போ.

போன மாதம் ஒரு நாள் நான் ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். ஆட்டோக்காரரோடு இருபது ரூபாய்க்குச் சண்டை. அது குத்தவில்லை, அவர் கேட்டது அநியாயம். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மருமகள் வாசலில் வந்து நின்றாள். "என்னம்மா?" என்றேன். "சும்மா வந்தேன் டீச்சர்" என்றாள். குக்கர் இரண்டாவது விசில். "அப்புறமா வாயேன், கை வேலையா இருக்கு" என்றேன். அவள் கதவு நிலையை ஒரு விரலால் கீறிக்கொண்டே சிரித்துவிட்டுப் போனாள். ராத்திரி அந்த விரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. பகல் பதினோரு மணிக்கு எந்த மருமகளம்மா சும்மா வருவாள்? மறுநாள் காலையில் நானே போனேன். அங்கே பேசியதை எழுத எனக்கு உரிமை இல்லை. கடவுள் குரல் என்றால் இவ்வளவுதான் இருக்கும், அக்கா என்று கூப்பிட்டாயே, அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை: கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்தேன். 'புறப்பட்டுப் போ' என்று வந்தது. துபாய் வேலைக்குப் போகலாமா?

சம்பளம் எவ்வளவு, ஏஜென்ட் யார், ஒப்பந்தத்தைப் படித்தீர்களா, வீட்டில் என்ன சொல்கிறார்கள்? ஆண்டவர் கொடுத்த மூளைக்கும் செவிசாயுங்கள்.

லாஸ்பேட்டை, ஒரு தமிழாசிரியர்: விரல் வைப்பதைக் கேலி செய்கிறீர்கள். அகுஸ்தினார் என்ன செய்தார்? நம் முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்பது என்ன?

அப்படிக் கேளுங்கள் சார்!

தெரியாதவர்களுக்காக: 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தினார் அழுதுகொண்டிருந்தபோது, அடுத்த வீட்டிலிருந்து 'எடுத்து வாசி' என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டது. பைபிளில் உரோமையர் திருமுகத்தைத் திறந்து, கண்ணில் பட்ட வரியில் மனம் மாறினார். சங்கப் பாட்டான முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் ஊருக்கு வெளியே நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கும்பிட்டு, நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அதுதான் விரிச்சி. அப்போது ஓர் இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். தலைவன் வந்துவிடுவான் என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுமே தற்செயலாகக் காதில் விழுந்த சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகுஸ்தினாருக்குக் கிடைத்த வரி, அவர் விட மாட்டேன் என்று பிடித்திருந்ததை விடச் சொன்னது. விரிச்சிக்கு நின்ற பெண்கள் கேட்க விரும்பியதையே கேட்டார்கள்.

பண்ருட்டி: விரிச்சி, பல்லி சொல்வது, பூப்போட்டுப் பார்ப்பது எல்லாம் ஒரே மூடநம்பிக்கைதானே? டீச்சர் இதற்குப் போய் இடம் கொடுக்கலாமா?

மறுபடி லாஸ்பேட்டை: பண்ருட்டி நண்பர் வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதில்லையா?

மறுபடி பண்ருட்டி: அது வேதவசனம் சார். பல்லியும் வசனமும் ஒன்றா?

இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அட்டை எடுப்பதில் தப்பில்லை. அந்த ஒரு வசனத்தை வருடம் முழுக்க மென்றால் புண்ணியம். பிடித்த வசனம் வரும்வரை இரண்டாவது அட்டை எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அது பல்லியை விட மோசம், பல்லியாவது ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு பேருமே அந்தப் பாட்டின் பின்பாதியை விட்டுவிட்டீர்கள். நற்சொல் கிடைத்துவிட்டது, அழாதே என்று பெண்கள் எவ்வளவு சொல்லியும் தலைவிக்குத் தேறவில்லை. குறி கிடைத்தும் நிம்மதி இல்லை. ஏழு நிலை மாடத்தில் படுத்திருக்கிறாள். கூரை விளிம்பிலிருந்து மழைநீர் கொட்டுகிறது. அந்தப் 'பல் இமிழிசை ஓர்ப்பனள்' என்கிறார் பாட்டை எழுதிய நப்பூதனார். கேட்டாள் என்று சொல்லவில்லை, ஓர்த்தாள், அதாவது கூர்ந்து உணர்ந்தாள் என்கிறார். கேட்பது காதின் வேலை. ஓர்ப்பதற்கு ஆள் முழுக்க வேண்டும். அப்படிக் கிடந்தவள் காதில்தான் கடைசியில் தலைவனுடைய தேர்க்குதிரைகளின் கனைப்பு வந்து நிறைகிறது. வகுப்பில் இதை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன், தியானம் பழகிய பிறகுதான் புரிந்தது.

திருப்பாதிரிப்புலியூர்: நாங்கள் சைவம். எங்களுக்கும் இது பொருந்துமா?

என்னை விட உங்களிடம் நல்ல கதை இருக்கிறது. சுந்தரர் திருவதிகைக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் படுத்திருக்கிறார். ஒரு கிழவர் வந்து படுத்து, காலைத் தூக்கி அவர் தலைமேல் வைக்கிறார். இவர் வேறு பக்கம் தலைவைத்துப் படுக்கிறார். அங்கேயும் கால். மிதித்துக்கொண்டே இருக்கிறீரே, யார் ஐயா நீர் என்று கேட்டால், என்னைத் தெரியவில்லையா என்று சொல்லி மறைகிறார். திருவெண்ணெய்நல்லூரில் ஓலையோடு வழக்குக்கு வந்த அதே ஆள், சிவபெருமான்! தூக்கத்தைக் கெடுப்பவர் யாரென்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கோபப்படலாம். மற்றதை உங்கள் ஓதுவாரிடம் கேளுங்கள்.

புதுச்சேரி, வெள்ளைக்காரத் தெருப் பக்கம்: அரவிந்தர் உள்ளிருந்து வந்த ஆணையைக் கேட்டுத்தான் இங்கே வந்தார் என்கிறார்களே?

அப்படித்தான் அவரே சொல்லியிருக்கிறார். வந்தது 1910 ஏப்ரல் 4. அதற்கு மேல் என் துறை இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: என் தம்பிக்குக் காதில் குரல் கேட்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஆண்டவர் கட்டளையிட்டார் என்கிறான்.

நிறுத்த விடாதீர்கள். இன்றைக்கே அவனுக்கு மருந்து கொடுத்த மருத்துவரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். செபம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து செய்யுங்கள். அவன் மேல் கோபப்படாதீர்கள்.

தேவனாம்பட்டினம்: தானே புயல் கடவுள் கோபமாகப் பேசியதுதானே?

பைபிளில் வரும் எலியாவின் கதையில் சுழல்காற்று, நிலநடுக்கம், தீ மூன்றிலும் ஆண்டவர் இல்லை. அதற்குப் பிறகுதான் அடக்கமான மெல்லிய ஒலி. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அந்தக் காற்றின் ஊளையில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. விடிந்து கதவைத் தள்ளினால் முருங்கை குறுக்கே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், அதுவரை என்னோடு பேசாத எதிர்வீட்டம்மா நின்று, "ரெண்டு குடம் தண்ணி இருக்கு டீச்சர், ஒன்னு எடுத்துக்குங்க" என்றார்.

வில்லியனூர்: பைபிளைத் திறந்தேன், ஒரு வசனம் வந்தது, நிலம் வாங்கலாமா?

வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள்.

அரியாங்குப்பம்: எங்கள் சபையில் ஒரு சகோதரர், 'கர்த்தர் உன்னிடம் சொல்லச் சொன்னார், இந்த வாரத்துக்குள் காணிக்கை வை' என்கிறார்.

கர்த்தருக்கு உங்கள் வீட்டு முகவரி தெரியும், நேரில் சொல்லட்டும். அவசரப்படுத்துகிற குரலையும் பணம் கேட்கிற குரலையும் நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கடலூர் முதுநகர்: கடற்கரையில் உட்கார்ந்தால் கேட்குமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச்சில் சுண்டல்காரர் குரல்தான் கேட்கும். செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள்.

நெய்வேலி: டீச்சர், நான் பைபிளைத் திறந்து விரல் வைத்தபோது…

மேலே முத்தியால்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள் தம்பி. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.