ஆறாவது கோர்ட்

அன்புள்ள ஐயா,

டிக் கூல்டைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 38 ஆண்டுகள் ஆண்கள் டென்னிஸ் பயிற்சியாளராக இருந்தார், 17 தேசியப் பட்டங்கள் வென்றார் என்று வியந்திருந்தீர்கள். எனக்கு அந்த வியப்பு வரவில்லை. விம்பிள்டன் சாம்பியன் ஜான் மெக்கன்ரோ, இரட்டையர் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற பிரையன் சகோதரர்கள் போன்றவர்கள் தாமாகவே தேடி வரும் இடம் அது. பணம், பெயர், கலிஃபோர்னியா வெயில் எல்லாம் இருக்கிறது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கோப்பை வந்திருக்காதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், மாநில அளவில் ஆடுகிறாள். அமெரிக்காவில் கல்லூரி டீமில் ஆடிக்கொண்டே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே ஒரு கோச் நல்லவரா என்று எதை வைத்து எடை போடுவது?

கே., மதுரை

அன்புள்ள கே.,

மெக்கன்ரோவிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். 1977 கோடையில், தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்த 18 வயதுப் பையனாக விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அதன் பிறகுதான் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். 1978இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் நடந்த தேசிய ஒற்றையர் இறுதியில் ஜான் சாட்ரியை 7-6, 7-6, 5-7, 7-6 என்று போராடி வென்றார். டீமுக்கும் அந்த ஆண்டு பட்டம் கிடைத்தது. உடனே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். கூல்டிடம் அவர் இருந்தது ஒரே ஒரு பருவம். பாப் பிரையனும் மைக் பிரையனும் இருந்தது இரண்டு பருவங்கள். 1997, 1998 பட்டங்கள் அவர்கள் இருந்தபோது வந்தவை. மூன்றையும் கழித்துவிடுங்கள். மீதி 14 பட்டங்கள் இருக்கின்றன. வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் இந்த 14 மட்டுமே வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும்.

‘தாமாகவே தேடி வரும் இடம்’ என்கிறீர்கள். 1966இல் கூல்டு பொறுப்பேற்றபோது நல்ல ஆட்டக்காரர்கள் தேடிப் போன இடம் அதே கலிஃபோர்னியாவின் தெற்குப் பகுதி. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டோலி என்ற பெரும் பயிற்சியாளர் இருந்தார். பக்கத்திலேயே, பின்னாளில் விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷ் படித்த யூ.சி.எல்.ஏ., அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம். தேசியப் பட்டம் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு பேருக்குள்தான். கூல்டு ஸ்டான்ஃபோர்டின் பழைய மாணவர், அங்கேயே டீமில் ஆடியவர், இடையில் ஃபுட்ஹில் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் பயிற்சியாளராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதல் பட்டத்துக்கு அவர் 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகள். டென்னசி மாநிலத்திலிருந்து ராஸ்கோ டேனர் என்ற இடது கை சர்வ் மன்னரைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் திருப்பம் என்பேன். டேனரும் சாண்டி மேயரும் 1972இல் தேசிய இரட்டையர் பட்டம் வென்றார்கள். ஆனால் டீம் பட்டம் வருவதற்குள் டேனர் போய்விட்டார். கதவைத் திறந்துவிட்டவருக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

இனி, நட்சத்திரங்கள் இருந்தால் போதுமா என்ற கேள்வி. அங்கே கல்லூரி டென்னிஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். இரண்டு டீம்கள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். மூன்றில் இரண்டை வெல்லும் டீமுக்கு மொத்தமாகவே ஒரு புள்ளிதான். பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி. ஏழில் நான்கு எடுத்தால் வெற்றி. (கூல்டின் முன்பாதிக் காலத்தில் ஒவ்வொரு இரட்டையர் ஆட்டத்துக்கும் தனிப் புள்ளி, மொத்தம் ஒன்பது.) ஆறு ஒற்றையரையும் திறமை வரிசைப்படிதான் நிறுத்த வேண்டும், பலவீனமானவரை மேலே ஏற்றிப் பலியிட்டுவிட்டு, பலசாலியைக் கீழே ஒளித்துவைக்க விதி இடம் தராது. முதல் கோர்ட்டில் மெக்கன்ரோவே நின்றாலும் அவர் கொண்டுவருவது ஒரு புள்ளி. ஆறாவது கோர்ட்டில், பத்திரிகையில் பெயர் வராத ஒரு பையன் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளி.

இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆறு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். டென்னிஸ் என்றால் அமைதி என்று பழகிய நமக்கு அந்த இரைச்சல் முதலில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒரு கோர்ட்டில் பாயின்ட் எடுத்தவன் கத்துவது, அடுத்த கோர்ட்டில் தோற்றுக்கொண்டிருக்கும் தோழனுக்குக் கேட்க வேண்டும் என்றே கத்துகிறான். கோச் கோர்ட்டுக்குள்ளேயே வரலாம், இடைவேளையில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். தொழில்முறை ஆட்டத்தில் நெடுங்காலம் சைகை காட்டினாலே குற்றமாக இருந்தது. இங்கே அதுவே வேலை. 3-3 என்று வந்து, ஐந்தாவது கோர்ட்டில் மூன்றாவது செட் மட்டும் மிச்சமிருக்கிறது என்றால் மற்ற ஐந்து பேரும் வேலியோரம் வந்து நின்றுவிடுவார்கள். அப்போது அந்தப் பையனிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று கோச் முடிவெடுக்க இருப்பது ஒன்றரை நிமிடம்.

கூல்டின் பட்ட ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1973, 74, 77, 78, 80, 81, 83, 86, 88, 89, 90, 92, 95, 96, 97, 98, 2000. இடைவெளிகளைப் பாருங்கள். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெறுங்கையோடு போனதே இல்லை. அதாவது அந்தக் காலத்தில் நான்கு ஆண்டுகள் முழுக்க இருந்து ஆடிய எந்த மாணவனும் ஒரு தேசியப் பட்டமாவது பார்க்காமல் வெளியே போகவில்லை. என்னைப் பொறுத்தவரை 17 என்ற எண்ணைவிட இது பெரிது. பிளஸ் டூ வாத்தியார் மாதிரிதான் கல்லூரிக் கோச்சும்: நன்றாகத் தேறிய பிள்ளைகள் போய்விடுவார்கள், மறுபடி முதல் பாடத்திலிருந்து. மெக்கன்ரோ போன மறு ஆண்டு பட்டம் கைவிட்டுப் போனது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் பட்டம். கூல்டிடம் ஆடியவர்களில் பத்துப் பேர் தேசிய ஒற்றையர் பட்டம் வென்றார்கள். 1973இல் சாண்டி மேயர் முதல் 2000இல் அலெக்ஸ் கிம் வரை, பத்தும் பத்து வெவ்வேறு பெயர்கள்.

உங்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் படித்து வாங்கும் பட்டம் என்றால் எந்தப் பெற்றோருக்கும் ஆசைதான். பனிக்கட்டி விழும் ஊரின் கோச்சுக்கு இல்லாத வசதி அது. ஆனால் 2000க்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டு ஆண்கள் அணி தேசியப் பட்டம் வெல்லவே இல்லை. கூல்டின் கடைசி நான்கு பருவங்களும் அதில் அடக்கம். அவருக்குப் பின் வந்த ஜான் விட்லிங்கர் அவரிடமே படித்து 1974இல் ஒற்றையர் பட்டம் வென்றவர், பத்தாண்டுகள் பாடுபட்டார், கைகூடவில்லை. வெயில் அப்படியேதான் இருக்கிறது, பெயரும் பணமும் அப்படியே இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்கள் திரளாக வரத் தொடங்கினார்கள், மற்ற பல்கலைக்கழகங்களும் எழுந்து வந்தன. இடம் மட்டுமே கோப்பை வாங்கித் தந்திருந்தால் இது நடந்திருக்காது.

சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மனை நினைத்துப் பாருங்கள். அவர் போனது வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு, பிரையன் போலண்ட் என்ற கோச்சிடம். அதுவரை டென்னிஸில் பெரிய பெயர் இல்லாத இடம். 2006, 2007, 2008 என்று மூன்று முறை தொடர்ந்து தேசிய ஒற்றையர் இறுதிக்குப் போனார், கடைசி இரண்டையும் வென்றார்; 2007இல் அவரிடம் தோற்றவர், பின்னாளில் உலகின் முதல் பத்துப் பேருக்குள் வந்த ஜான் இஸ்னர். மறு ஆண்டே, 2009 சென்னை ஓப்பனில், நம் ஊர்க்காரர்கள் முன்னால் இறுதி ஆட்டத்தில் நின்றார். போலண்டுக்கு முதல் தேசிய டீம் பட்டம் கிடைத்தது 2013இல்தான். அதன் பிறகு 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று. சோம்தேவ் இருந்தபோது வராத பட்டம் அவர் போய் ஐந்தாண்டுகள் கழித்து வந்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் போலண்ட் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் என் அக்கறை முழுவதும்.

இப்போது உங்கள் மகள். அவளுக்கு அருமையான முன்மாதிரி கூல்டு இருந்த அதே வளாகத்தில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணிக்கு ஃபிராங்க் பிரென்னன் பத்துத் தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். அவருக்கு உதவியாளராக இருந்து பொறுப்பேற்ற லீலி ஃபரூட் இன்னொரு பத்து. உதவிப் பயிற்சியாளர் யார், எத்தனை காலமாக இருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். அன்றாடம் பந்து போட்டுப் பயிற்சி தருவது பெரும்பாலும் அவர்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இங்கே பலர் ஏமாறுவது இதில்தான். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவு கல்லூரிகளில் நெடுங்காலம் பெண்கள் அணிக்கு எட்டு முழு உதவித்தொகை, ஆண்கள் அணிக்கு நாலரை. அந்த நாலரையை எட்டுப் பத்துப் பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே ஆண்கள் அணிக் கோச்சின் பெரிய தலைவலி. கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் வந்த தீர்வுக்குப் பிறகு, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு போய், டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் இடங்களிலும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. தருகிற இடத்திலும் நான்கு ஆண்டுகளுக்கும் எழுதித் தருகிறார்களா, ஆண்டுதோறும் புதுப்பிப்பார்களா என்பதைக் காகிதத்தில் பார்க்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

கோச்சிடம் அவளே பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் நடுவில் வேறு கல்லூரிக்கு மாறினார்கள் என்று கேட்கட்டும். இப்போதைய ஐந்தாம், ஆறாம் இடத்துப் பெண்கள் சேரும்போது எப்படி ஆடினார்கள், இப்போது எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்கட்டும். நல்ல கோச் இதற்கு உற்சாகமாக, பெயர் பெயராகப் பதில் சொல்வார். முதல் இடத்து நட்சத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். கோச்சுகள் உங்கள் மகளின் யூ.டி.ஆர். என்ற தரமதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள், பிறகு வீடியோ கேட்பார்கள். வெட்டி ஒட்டிய அழகான ஷாட்டுகளை அனுப்பாதீர்கள். ஒரு முழு செட்டை, அவள் தடுமாறும் கேம்களும் உள்ளே இருக்கும்படி, அப்படியே அனுப்புங்கள். இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள், பிளஸ் டூ பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் இடங்கள் போய்விடும்.

அன்புடன்.