நாகேஷ் வெறும் காமெடியன்தானா?

இல்லை. 1964-ஆம் ஆண்டு ஒன்றே போதும் இதைச் சொல்ல. 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவை உட்காரவைத்துத் திகில் கதை சொல்லி மிரட்டிய செல்லப்பாவும், 'சர்வர் சுந்தரம்' படத்தில் காதலியும் கிடைக்காமல், அம்மாவும் போய், புகழ் மட்டும் மிஞ்சி நிற்கும் சுந்தரமும் அதே வருடத்தில் வந்தவர்கள்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. நாட்டியக்காரி மோகனாவை யாராவது பணக்காரரிடம் சேர்த்துவிட்டுக் காசு பார்க்க அலையும் ஆள். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் (இப்போது அங்கே முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை). திடலில் வெள்ளைத்துணி கட்டி இந்தப் படத்தைப் போட்டபோது ஆண்கள் சிரித்தார்கள். பெண்களோ, "பாவி, நல்லா இருப்பானா இவன்" என்று திட்டித் தீர்த்தார்கள். காரணம் இருக்கிறது. தோட்ட மேலாளரான துரையிடமும் கணக்கரான கிராணியிடமும் குழைந்துகொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துச் சேதியை அங்கே கொண்டுபோய் விற்கும் ஆள் ஒருவன் எங்கள் தோட்டத்திலும் இருந்தான். அதே குழைவு, அதே சிரிப்பு. தாராபுரத்துக்காரரான நாகேஷுக்கு எங்கள் ஊர் ஆளை எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசிப்பேன்! கவனித்துப் பாருங்கள்: 'திருவிளையாடல்' படத்தில் ஏழைப் புலவர் தருமியாகப் புலம்பும்போது நம்மைச் சிரிக்கவைத்த அதே படபடப்பும் துள்ளலும்தான் வைத்தியிடமும் இருக்கின்றன. உடம்பை மாற்றவில்லை, உள்நோக்கத்தை மாற்றிவிட்டார்.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) தர்மராஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வில்லன், அதுவும் கொஞ்சம்கூட இரக்கமில்லாதவன். அதை எடுத்த சிங்கீதம் சீனிவாசராவே 'மகளிர் மட்டும்' படத்தில் அவரைப் பிணமாக நடிக்கவைத்தார். வசனமே கிடையாது. தமிழ் சினிமாவிலேயே வேகமான உடம்பை அசையாமல் உட்காரவைத்துச் சிரிப்பு வாங்குவது சாதாரண வேலையா?

அப்புறம் 'நம்மவர்' (1994). மகளைப் பறிகொடுத்த பேராசிரியர் ராவாக வருகிறார். அழவும் முடியாமல் பேசவும் முடியாமல் தடுமாறும் அந்தக் காட்சியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் நடிகர்களுக்கான தேசிய விருது முப்பது வருடம் முன்னாலேயே இருந்திருந்தால், சுந்தரத்துக்கே, கதாநாயகனுக்கான விருதாகக் கொடுத்திருக்கலாம்.