சைட்பாட்டம், போத்தம், ஹிக்கின்பாதம்ஸ்

அன்புள்ள ஐயா,

பழைய கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை மகனோடு யூடியூபில் பார்த்தேன். இங்கிலாந்தின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ரயன் சைட்பாட்டம். பெயரை மகன் தமிழில் பெயர்த்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இப்படி ஒரு குடும்பப் பெயரை மாற்றாமல் எப்படி வைத்திருக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெயர் உண்டானபோது அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘பாட்டம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம். ‘சைட்’ என்றால் அகன்றது. அப்படியொரு இடத்தில் குடியிருந்தவருக்கு இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. லங்காஷயர், செஷயர், யார்க்‌ஷயர் என வட இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில்தான் இந்த வகைப் பெயர்கள் மண்டிக் கிடக்கின்றன. ராம்ஸ்பாட்டம் இன்றும் ஓர் ஊர். காட்டுப்பூண்டு வளரும் பள்ளம் என்பார்கள், செம்மறிக்கடாப் பள்ளம் என்பாரும் உண்டு. விண்டர்பாட்டம் குளிர்கால மேய்ச்சல் நிலம். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்டர் விண்டர்பாட்டம் லங்காஷயரின் ஓல்டமில் பிறந்தவர். எனக்குப் பிடித்தது ஷஃபிள்பாட்டம். ஆட்டு ஊற்றுப் பள்ளம் என்பதுதான் மூலம். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதி எழுதி இந்தக் கோலத்துக்கு வந்துவிட்டது.

‘பாட்டம்’ என்றால் பிட்டம் என்று உங்கள் மகன் சிரித்த பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வழக்குக்கு வருகிறது. அதற்குள் இந்தப் பெயர்கள் சர்ச் பதிவேடுகளில் ஏறிவிட்டன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538இல். நாளை பிறக்கப்போகும் கேலிக்கு அஞ்சி யார் பெயரை மாற்றுவார்கள்?

பின்னாளில் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அங்கே அதற்குக் கோர்ட் படியேற வேண்டியதில்லை. எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் நாசூக்காக்கிக்கொண்ட சைட்பாட்டம் குடும்பங்களும் இருக்கின்றன. ரயன் வீட்டில் அந்த வம்பெல்லாம் இல்லை. அப்பா ஆர்னியும் வேகப்பந்து வீச்சாளர்தான். 1985இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், இதே பெயரில்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இங்கிலாந்தின் இன்னொரு கிரிக்கெட் வீரர் இயன் போத்தத்தின் பெயரும் இதே பள்ளத்தாக்குதான். பாட்டம், போத்தம் இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்கள். போத்தத்தைப் பார்த்து யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. ஆபெல் ஜோஷ்வா ஹிக்கின்பாதம் 1844இல் சென்னையில் தொடங்கிய புத்தகக் கடையின் பெயரிலும் அந்தப் பள்ளத்தாக்கு உண்டு. வட இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊருக்குப் பக்கத்து ஓக்கன்பாட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் அது என்கிறார்கள் பெயராய்வாளர்கள். நாம்தான் அதைப் ‘பாதம்’ என்று எழுதி, தொட்டுக் கும்பிடும் அளவுக்கு உயர்த்திவிட்டோம்.