வாசகர் கேள்வி: வெட்டி ஒட்டிய பாட்டு யாருடையது?

கேள்வி: எங்கள் கல்லூரி இசைப் போட்டியில் என் தோழி இரண்டு பழைய ஆங்கிலப் பாடல்களைக் கணினியில் வெட்டி இணைத்து ஒரு ‘மேஷ்அப்’ செய்து போட்டுக் காட்டினாள். அரங்கமே கைதட்டியது. ஆனால் நடுவர், “இதில் உன்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா அம்மா?” என்று கேட்டு, ‘சொந்தப் படைப்பு’ என்ற பிரிவில் அதைச் சேர்க்க மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதானா? — கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நடுவர் கேட்ட கேள்வி நியாயமானது. விடைக்குக் காத்திராமல் தீர்ப்பைச் சொன்னதுதான் அவசரம்.

பிறர் பதிவிலிருந்து கத்தரித்தெடுத்த துண்டை ‘சாம்பிள்’ என்கிறோம். துண்டு பிறருடையது என்பதில் வழக்கே இல்லை. அதைத் தேர்ந்ததும், இன்னொன்றின் பக்கத்தில் வைத்ததும், வைத்த பிறகு இரண்டுக்கும் நேர்ந்த மாற்றமும் யாருடையவை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு நான் அறிந்தவற்றில் தெளிவான எடுத்துக்காட்டு, டேஞ்சர் மவுஸ் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க இசைஞர் பிரையன் பர்ட்டன் 2004இல் உருவாக்கிய ‘தி கிரே ஆல்பம்’. ராப் பாடகர் ஜே-ஸீ 2003இல் வெளியிட்ட ‘தி பிளாக் ஆல்ப’த்தின் பக்கவாத்தியம் நீக்கிய குரல் பதிவு ஒரு புறம், பீட்டில்ஸ் குழு 1968இல் வெளியிட்டு, வெறும் வெள்ளை அட்டையின் காரணமாக ‘ஒயிட் ஆல்பம்’ என்றே பெயர் நிலைத்துவிட்ட இரட்டை இசைத்தட்டு மறு புறம். கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறமாயிற்று.

பீட்டில்ஸ் பாட்டை அப்படியே ஓடவிட்டு அதன் தலைமேல் ராப் குரலை ஏற்றி வைத்திருந்தால் நானும் உங்கள் நடுவரோடு சேர்ந்திருப்பேன். பர்ட்டன் டிரம்ஸ் அடிகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, மூலத்தில் எங்குமே இல்லாத ஒரு தாளமாக அவற்றை அடுக்கினார். ஜான் லெனன் தம் தாயை நினைத்து, தனியொரு கிட்டாரோடு தாலாட்டுப் போலப் பாடிய ‘ஜூலியா’வை எடுத்து, அதன் கிட்டார் ஒலியைப் பொடிப்பொடியாக நறுக்கித் துள்ளுகிற நடையொன்றைக் கட்டினார். மூலப் பாடலை நன்கு அறிந்தவர்கூட முதல் முறை கேட்கும்போது சற்றுத் திகைத்துத்தான் அடையாளம் காண்பார்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஜே-ஸீயின் ‘டிசம்பர் 4’ என்ற பாடல் அவருடைய பிறந்த நாளைப் பற்றியது. அதில் அவருடைய தாயே மகன் பிறந்த கதையைத் தம் குரலில் சொல்கிறார். அந்தக் குரலுக்கு அடியில் பர்ட்டன் வைத்தது, ‘இயற்கை அன்னையின் மகன்’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட பீட்டில்ஸ் பாடலின் கிட்டாரை. பசும்புல்வெளியை நினைத்து ஓர் ஆங்கிலேயர் எழுதிய பாட்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வறுமையில் வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞரின் பிறப்புக் கதைக்குப் பின்னணியாகிறது. இந்தப் பொருத்தம் பீட்டில்ஸிடமும் இல்லை, ஜே-ஸீயிடமும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் காதில் வைத்திருந்த மூன்றாவது ஆளிடம்தான் இருந்தது. அதை அவருடைய சொந்தப் படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

நம் இலக்கணிகள் இந்தச் சிக்கலை வேறொரு துறையில் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நன்னூல் பாயிரம் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கிறது. முன்னிரண்டு நூல்களோடும் ஒரு சிறு பகுதி ஒத்து, மற்றவற்றில் திரிந்தும் வேறுபட்டும் நிற்பதைச் சார்பு நூல் என்றும், புடைநூல் என்றும் சொல்கிறார்கள். அது முதல் நூல் அல்ல என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் நூலே அல்ல என்று அவர்கள் தள்ளிவிடவும் இல்லை. இசைப் போட்டிகளிலும் அப்படி ஒரு பிரிவு இருந்தால் உங்கள் தோழிக்கு மனவருத்தம் நேர்ந்திருக்காது.

அவருடைய இணைப்பை நான் கேட்டதில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். இரு பாடல்களின் சுருதியும் காலப்பிரமாணமும் பொருந்தி வந்ததுதான் சிறப்பு என்றால், அது நல்ல தையல் வேலை. அந்தப் பொருத்தத்தை இப்போது மென்பொருளே பெரும்பாலும் செய்து கொடுத்துவிடுகிறது. அதைக் கேட்ட பிறகு மூலப் பாடல்களில் ஒன்றையேனும் பழைய மாதிரி கேட்க முடியவில்லை என்றால், நடுவரிடம் மீண்டும் ஒரு முறை போய்ப் பேசலாம்.

கேள்வி: பத்தாண்டு சாதகம் செய்து வயலின் வாசிக்கிறவரும், மடிக்கணினியில் பாட்டுகளை வெட்டி ஒட்டுகிறவரும் ஒன்றா? — வாசகர், சேலம்

பதில்: ஒன்றல்ல. ஆனால் உழைப்பை அளவுகோலாக்கினால் வெட்டி ஒட்டுகிறவர் எப்போதும் தோற்றுவிடுவார் என்று எண்ண வேண்டாம். உயிர்மருத்துவப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு இசைக்கு வந்த பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர் ஒருவர், ‘கேர்ள் டாக்’ என்ற பெயரில் 2010இல் வெளியிட்ட ‘ஆல் டே’ தொகுப்பின் 71 நிமிடங்களுக்குள் 373 சாம்பிள்களைக் கோத்திருக்கிறார். அசுர உழைப்புதான். எனினும் அதைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் இன்பத்தில் பெரும்பகுதி, “அட, இது அந்தப் பாட்டல்லவா!” என்று கண்டுபிடிக்கிற இன்பம். திருமண வீட்டில் பழைய முகங்களை அடையாளம் காண்பது போன்றது அது. பர்ட்டனுடைய தொகுப்பை நான் ஒரு படி மேலே வைப்பது, அடையாளம் கண்டு முடித்த பிறகும் அதில் கேட்பதற்கு ஏதோ மிச்சம் இருப்பதால்தான்.

கேள்வி: கலை என்று நீங்கள் சொல்கிறீர்கள்; நீதிமன்றம் திருட்டு என்கிறதே? மூலத்தை வாசித்த கலைஞனுக்கு என்ன பதில்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: ஐயா, நீதிமன்றம் விசாரிப்பது அனுமதி பெற்றீர்களா என்பதை, கலையா என்பதை அல்ல. அமெரிக்காவில் 1991இல், ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதி கிடைக்குமுன் ஒரு பாடலின் பகுதியைப் பயன்படுத்திய வழக்கில், நீதிபதி தம் தீர்ப்பையே ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கினார். 2005இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு வினாடிக் கிட்டார் துண்டு பற்றிய வழக்கில், உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே என்றது. அதே நாட்டின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல், மடோனாவின் பாடலில் கேட்கும் 0.23 வினாடி ஊதுகருவி ஒலியை, பொருட்படுத்தத் தகாத அளவு சிறியது என்று தள்ளிவிட்டது. ‘கிரே ஆல்ப’மும் தப்பவில்லை, பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த ஈ.எம்.ஐ. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை உறுத்துகிறது. ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழுவின் 1969ஆம் ஆண்டு இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்றொரு பாடல் இருக்கிறது. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிட, கிரகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு வினாடி தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். அந்த ஏழு வினாடி ஆயிரக்கணக்கான பாடல்களுக்குள் புகுந்தது. 1990களில் பிரிட்டனில் ‘ஜங்கிள்’ என்ற இசைவகை அதை வேகப்படுத்தியும், நறுக்கியும், திருப்பிப் போட்டும்தான் எழுந்தது. அந்த இளைஞர்கள் புதிதாக ஒன்றைப் படைத்தார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். அதே வேளையில், அவர்கள் கோல்மனுக்குக் கடன்பட்டவர்கள் என்பதும் மாறாது. படைப்பாளி என்ற பட்டம் கிடைத்தால் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

கோல்மன் 2006இல் அட்லாண்டாவில், வீடற்றவராக இறந்தார். அந்த ஏழு வினாடிக்காக அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2015இல் பிரிட்டிஷ் ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டி, ஏறத்தாழ 24,000 பவுண்டை, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள்.