நிலக்கரியும் வெயிலும் நிறைய உள்ள ஆஸ்திரேலியாவில் வீட்டு மின்கட்டணம் ஏன் ஏறுகிறது? யாருடைய தவறு?

சிக்கல் விலை முடிவாகும் விதத்தில் இருக்கிறது. கிழக்கு, தெற்கு மாநிலங்களின் மின்சந்தையில் 5 நிமிடத்துக்கு ஒரு விலை. குறைந்த விலை கேட்கும் மின்நிலையங்களை முதலில் எடுப்பார்கள்; தேவையை நிரப்பக் கடைசியாக எடுக்கப்படும் நிலையம் கேட்கும் விலைதான் அந்த நேரத்தில் எல்லா நிலையங்களுக்கும். நடுப்பகலில் கூரை சோலார் பெருகி, விலை சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழேயே போய்விடும். வெயில் சாய்ந்ததும் எரிவாயு நிலையங்களை ஓட்ட வேண்டும். எரிவாயுவோ ஏற்றுமதிச் சரக்கு. உலகச் சந்தையோடு சேர்ந்து ஆடும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் அதன் விலை எகிறியது. வயதான நிலக்கரி நிலையங்களும் பழுதாகி நிற்க, ஜூனில் மின்சந்தையையே சில நாள் நிறுத்திவைத்தார்கள்!

அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில்தான் தொழிற்கட்சி, 2025-க்குள் கட்டணம் 275 டாலர் குறையும் என்று சொல்லி ஜெயித்திருந்தது. குறையவில்லை. பிறகு எரிவாயுவுக்கும் நிலக்கரிக்கும் விலை உச்சவரம்பு, வீட்டுக்கு 300 டாலர் தள்ளுபடி என்று சமாளித்தார்கள். தள்ளுபடி பில்லைத்தான் குறைக்கும், மின்சாரத்தின் விலையை அல்ல.

சரி, எதிர்க்கட்சி? அதன் அப்போதைய தலைவர் பீட்டர் டட்டன் 7 இடங்களில் அணுமின் நிலையம் என்றார். அவை எழும்பவே பத்து வருடத்துக்கு மேலாகும். இந்த மாத பில்லுக்கு அது எப்படி உதவும்? 2025 தேர்தலில் அவர் தன் தொகுதியையே இழந்தார்.

இரு கட்சிகளும் அதிகம் பேசாத ஒன்று, கம்பிக்கும் கம்பத்துக்குமான செலவு. பில்லில் பெரிய பங்கு அதற்கே போகிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் அதைச் சட்டென்று குறைக்க முடியாது.